‘இது நெசமுங்களா?’ – கொங்கு நாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் நூலகத் திண்ணையில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். நோம்பிக்கு (பண்டிகைக்கு) வரும் ஓரம்பரைகளும் (விருந்தாளிகளும்) வந்து உட்காருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். அவற்றில் நிறையப் பேர் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகளிடம் நான் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: பதில் சொன்னால் ஒரு மார்க், "ஏன்" என்று காரணமும் சொன்னால் மூன்று மார்க்.

ஆடி மாசத்துல நம்ம பக்கம் மட்டும் ஏனுங்க இப்படிக் காத்தடிக்குது?

மலையில் ஒரு பெரிய வாசல் திறந்து கிடக்கிறது, அதனால்தான். குஜராத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் வைத்ததுபோல நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அதில் பெரிய உடைப்பு என்றால் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமலைப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் இடையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான தாழ்வு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்றுக்கு இவ்வளவு அகலமான வழி வேறு கிடையாது. அகலமான ஆறு மதகுக்குள் நுழையும்போது வேகம் எடுப்பதுபோல, காற்றும் இந்த வாசலில் நெருங்கி நுழைந்து வேகமெடுத்து நம் பக்கம் வருகிறது. பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான்.

ஈரத்தில் பெரும்பகுதியை மலையாளத்துப் பக்கமே கொட்டிவிட்டு வருவதால் காத்து நிறைய, மழை கொஞ்சம். கோயமுத்தூர்ப் பக்கம் நிலம் நனைவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த வாசல் மனிதனுக்கு வழி, மலையில் வாழும் உயிர்களுக்கோ வேலி. கணவாய்க்கு வடக்கே உள்ள யானைகளுக்கும் தெற்கே உள்ள யானைகளுக்கும் மரபணுவில் வேறுபாடு இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உயரமான சோலைக்காட்டை விட்டு இறங்காத சிரிப்பான் குருவியில் நீலகிரிக்கு ஓர் இனம், பழனி, ஆனைமலைக்கு வேறோர் இனம். சேரநாட்டுக்கும் கொங்குக்கும் போக வர மனிதன் பயன்படுத்திய அதே வாசல், அந்தக் குருவிக்குத் தாண்ட முடியாத கடல்.

ரோம் நாட்டுக் காசு நம்ம காட்டுல கெடைக்குதுன்னு சொல்றாங்களே, அது எப்படி இங்க வந்தது?

மேலே சொன்ன வாசல் வழியாகத்தான். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கும் காசும் கணவாய் வழியே உள்ளே வந்தன. இந்தியாவில் ரோமானியக் காசுகள் அதிகமாகக் கிடைத்த பகுதி என்று எடுத்தால் பழைய கோயமுத்தூர் மாவட்டம் முன்வரிசையில் நிற்கும். 1840களில் வெள்ளலூரில் ஒரே இடத்தில் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூரிலும் கிடைத்திருக்கின்றன.

அவர்களுக்கு இங்கே என்ன வேண்டியிருந்தது? மிளகு, மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. இந்தப் பக்கத்துச் சரக்கு கல். காங்கயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் எனப்படும் பெரில் கிடைத்தது. கடல்நீர் நிறத்தில் இருக்கும் அந்தக் கல்மேல் ரோமானியர்களுக்குப் பெரிய மோகம். நொய்யல் கரையில் சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணலில் அந்தக் கல்லை அறுத்து, தேய்த்து, துளை போட்டு மணியாக்கியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வரும் ஊர் இதுதான். அகழாய்வில் வெளிவந்தவற்றில் பாதி வேலையில் கைவிட்ட மணிகளும் இருக்கின்றன, துளை போடும்போது உடைந்தவையும் இருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகளின் தடயமும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பேர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்தன. சூதுபவளம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

ரோமாபுரியில் இருந்த பிளினி என்ற எழுத்தாளர், ஆண்டுதோறும் குறைந்தது 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று எழுதிப் புலம்பினார். அந்தப் புலம்பலில் ஒரு பங்கு நம் ஊர்க் கல்லுக்கும் உண்டு.

அரச்சலூர்க் கல்வெட்டுல என்ன விசேசம்? போய்ப் பார்த்தேன், ஒண்ணும் புரியல.

தனியாகப் போனால் புரியாது, சொல்கிறேன். அரச்சலூர் நாகமலையில் பாறையில் வெட்டியிருக்கிறது. கண்டுபிடித்துச் சொன்னவர் புலவர் செ. இராசு. நாலாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. வரிக்கு ஐந்தாக ஐந்து வரி:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம் படியுங்கள். வலமிருந்து இடம் படியுங்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆட்டத்துக்கோ தாளத்துக்கோ உரிய சொற்கட்டு இது. பிள்ளைகளை ஐந்தைந்து பேராக வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் சுற்றிலேயே கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது. எழுத்தை இப்படிச் சேர்த்து அமைத்தவர் யார் என்றும் பக்கத்திலேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்பவர். கொடுமணலும் படியூரும் எட்டிவிடும் தூரத்தில் இருக்க, கல்லை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய ஒருவர் எழுத்தையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறார். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணமா, ஈரோடா?

பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. தாயின் பெற்றோர் வீடு அங்கே இருந்தது, தலைப்பிரசவத்துக்கு வந்த இடம். வளர்ந்தது கும்பகோணத்தில். இரண்டு ஊரும் உரிமை கொண்டாடலாம்.

சிறுவாணித் தண்ணி உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணியாமே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சின்ன வயதில் நானும் நம்பியவன்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டது யார், எந்த வருசம், முதலிடம் எந்த ஊருக்கு என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். காகிதம் காட்டியவர் ஒருத்தரும் இல்லை. வினாடி வினாவில் அந்தக் கேள்வியை நான் எடுத்துவிட்டேன்.

ருசி மட்டும் உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. தண்ணீர் தேங்குவது கேரளத்துப் பாலக்காடு மாவட்ட மலைக்காட்டில். மழைநீர் பாறைமேலும் காட்டு மண்மேலும் ஓடி நேராக அணைக்கு வருகிறது, கரையும் உப்பு குறைவு. சமவெளியில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரோ பல காலம் பாறை இடுக்கில் தங்கிச் சுண்ணாம்பும் உப்பும் ஏறி வருவது. அந்த உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நாள் முழுக்க உப்புத் தண்ணி குடித்தவன் நாக்குக்குச் சிறுவாணி தேன் மாதிரி இருக்கத்தானே செய்யும். காடு இருக்கும்வரைதான் அந்த ருசி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

காலிங்கராயன் வாய்க்கால் பாம்பு போன தடத்துல வெட்டினதா?

கதை அப்படித்தான். பவானியில் அணை கட்டிய கொங்குத் தலைவர் காலிங்கராயனுக்கு ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அது வளைந்த இடமெல்லாம் வாய்க்காலும் வளைந்தது என்பார்கள். வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1283இல் முடிந்தது. பவானி ஆற்றில் பிரிந்து, ஈரோடு வழியாக, கொடுமுடிக்கு அருகே நொய்யலில் சேரும்வரை சுமார் 90 கிலோமீட்டர். பறவை பறக்கும் தூரமாக அளந்தால் ஏறக்குறைய பாதிதான் வரும். மீதியெல்லாம் வளைவு. பவானிப் பக்கம் ஓர் ஊருக்கே ‘கோணவாய்க்கால்’ என்று பேர்.

வளைவுக்குக் காரணம் மேடு பள்ளம். நேராக வெட்டினால் தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்து கரையை அரித்துவிடும், அல்லது மேட்டில் முட்டி நின்றுவிடும். நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கும்படி கொண்டுபோனால், நீளம் கூடும், தண்ணீர் மட்டும் நிற்காமல் நடக்கும். வழியில் பாயும் வயலும் கூடும். மட்டம் பார்க்க இன்றைய கருவி எதுவும் இல்லாத காலத்தில் 90 கிலோமீட்டர் இப்படி இறக்கம் பிசகாமல் கொண்டுபோனவர்களை என்னவென்று சொல்வது! பவானியையும் நொய்யலையும் இணைத்ததால், நதிநீர் இணைப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த வாய்க்காலும் பேச்சில் வந்துவிடும். தன் நன்மைக்காக வெட்டியதாக யாரும் பேசிவிடக் கூடாது என்று, தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என அவர் சத்தியம் செய்ததாகவும் ஒரு கதை உண்டு. அப்பேர்ப்பட்ட தண்ணீரில் சாயக்கழிவும் தோல்கழிவும் கலந்ததை எங்கள் காலத்திலேயே பார்த்தோம். அதை எழுதவே வருத்தமாக இருக்கிறது.

காங்கயங் கன்னுக்குட்டி செவப்பாப் பொறக்குது, அப்புறம் எப்படி வெள்ளையாகுது?

கலப்பா என்று பயந்து வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கலப்பில்லை, அந்த இனத்தின் குணமே அதுதான். பிறக்கும்போது செம்மண் நிறம், ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். கன்றுக்குட்டியின் முகத்தருகே உட்கார்ந்து பார்த்தால், செம்மயிர் உதிர உதிர உள்ளே இருந்து மயிலை நிறம் எட்டிப்பார்ப்பது தெரியும், பழைய சுவரில் சுண்ணாம்பு உரிந்ததுபோலத் திட்டுத் திட்டாக. காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்து ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளுத்துவிடும். ஆண்மைக்குரிய சுரப்புதான் அந்தக் கருமைக்குக் காரணம். வளர்ந்த பின்னும் செவலையாகவும் (சிவப்பு) காரியாகவும் (கருப்பு) நிற்கும் மாடுகளும் உண்டு, ஆனால் மயிலைதான் பெரும்பான்மை.

இந்த மாட்டைச் செய்தது கொறங்காடு என்ற மேய்ச்சல் காடு. கிளுவை உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் உழவு ஓட்டாமல், புல்லை வளர்த்து, ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள். வேலங்காய் உதிரும் காலத்தில் மாடு அதைத் தின்னும். கொட்டை சாணத்தோடு வெளியே வந்து நன்றாக முளைக்கும். மரத்தை மாடு நடுகிறது, மாட்டை மரம் வளர்க்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதற்குப் பேர் பெற்றது. மாடுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு வாருங்கள்.

பஞ்சாப் கரும்புக்குக் கோயமுத்தூர் பேரா?

ஆமாம். நம் விவசாயிகள் போடும் ‘கோ 86032’ என்பதில் ‘கோ’ என்றால் கோயமுத்தூர். அதே எழுத்து வடநாட்டுக் கரும்புகளிலும் உண்டு. 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த காரியம் யாரும் எதிர்பார்க்காதது: ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்போடு ஆற்றங்கரை நாணலைச் சேர்த்தார்கள். நாணலில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் முரட்டுத்தனம் உண்டு. அந்தப் பிள்ளைதான் 1918இல் வெளிவந்த கோ 205. பஞ்சாபில் அது பிடித்துக்கொண்டது.

ஏன் கோயமுத்தூர்? கரும்பு பொதுவாகக் கரணை (தண்டுத் துண்டு) போட்டு வளர்ப்பது. இனம் சேர்க்கப் பூ வேண்டும், விதை வேண்டும். வடக்கே கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை, இங்கே நன்றாகப் பூக்கிறது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துப் பார்த்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் வேலை செய்ததும் இந்த நிலையத்தில்தான்.

அவிநாசி முதலைக் கதை தெரியும். கொங்குல நெசமாவே முதலை உண்டுங்களா?

உண்டு. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது அவிநாசித் தலத்தின் வரலாறு. நேரில் முதலை பார்க்க உடுமலை தாண்டி அமராவதி அணைக்குப் போங்கள். அந்த நீர்த்தேக்கத்திலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் நன்னீர் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. பக்கத்திலேயே வனத்துறையின் முதலைப் பண்ணையும் இருக்கிறது.

பிளேக் மாரியம்மன்னு ஒரு சாமி இருக்குதா?

இருக்கிறது, கோயமுத்தூரில். கொள்ளைநோய் வந்து ஊரைக் காலி செய்த காலத்தில் மாரியம்மனுக்குச் சேர்ந்த பேர் அது. 2021இல் இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். மருந்து தெரியாத காலத்தில் பயத்துக்கு ஒரு முகமும் பேரும் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் நம் பாட்டிமார்கள்.

சினிமான்னா சென்னைதானே, கோயமுத்தூருக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. 1905இல், படம் காட்ட வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார், பெஷாவர் வரைக்கும், ரங்கூன் வரைக்கும். 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் அது ஒன்று. வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் தெருவுக்குப் பேர் நிற்கிறது.

பிறகு சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ வந்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) சென்ட்ரலில் எடுத்தது. பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ (1954) நாமக்கல் கவிஞர் எழுதிய கதை. ஸ்ரீராமுலு நாயுடு அதைத் தமிழோடு சேர்த்து ஆறு மொழியில் எடுத்தார், அதில் சிங்களமும் ஒன்று!

கிரைண்டர் கண்டுபிடிச்சது கோயமுத்தூர்க்காரங்களா?

மாவாட்டும் கிரைண்டர், ஆமாம். 1955இல் ப. சபாபதி செய்தது. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காரணத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கிணற்றில் கொண்டுபோய் விடும். மழை கம்மி, கிணறு ஆழம், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டி மாளாது. 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் மோட்டார் வேண்டியிருந்தது. மோட்டாருக்கு வார்ப்பட்டறை, லேத், வேலை தெரிந்த கை எல்லாம் வந்தன. மோட்டார் செய்த கைக்கு ஆட்டுக்கல்லைச் சுழற்றுவது பெரிய காரியமா? கல்லுக்கு ஊத்துக்குளி இருந்தது. தோசைக்கு ஊற வைத்த அரிசியை ஆட்ட, கை வலிக்கக் குழவி சுற்றிய எங்கம்மா, முதல் கிரைண்டர் வீட்டுக்கு வந்த அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி போற ரயிலுக்கு எஞ்சின் பின்னால ஏன்?

கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 12 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் வரும். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டையில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும். பின்னால் இருந்து தள்ளினால் பெட்டி கழன்று கீழே உருளும் ஆபத்து இல்லை.

ஒரே நாள்ல எதைப் பார்க்கலாம்?

காலையில் கொடுமணல், மதியம் சென்னிமலை அடிவாரத்தில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே சாப்பாடு. அரச்சலூருக்குக் கடைசியாகப் போங்கள், வெயில் சாயும் நேரத்துக்கு. உச்சி வெயிலில் பாறை மொத்தமும் ஒரே வெளுப்பாகத் தெரியும், எழுத்து பிடிபடாது. நாலரை, ஐந்து மணிக்கு ஒளி பக்கவாட்டில் விழும்போது வெட்டின பள்ளங்களில் நிழல் நிறையும். முதலில் மூலையில் இருக்கும் ‘த’ தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமும் போகலாம், கீழேயும் போகலாம்.